தூரத்துப் பூகம்பம் நம் ஊரை எட்டும் விதம்

பூகம்பம் என்றவுடன் மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் வாழ்வோர் குஜராத்தையோ அஸ்ஸாமையோதான் நினைக்கிறார்கள். "யானைமலை நிற்கும் ஊரில் பூமி ஆடுமா?" என்று சிரித்தபடியே கேட்பவர்களும் உண்டு. கேள்வியில் ஓரளவு நியாயம் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட நில அதிர்ச்சி வரைபடத்தில், மதுரை இரண்டாம் மண்டலத்தில், அதாவது அபாயம் மிகக் குறைந்த மண்டலத்தில் சேர்க்கப்பட்டது. ஆயினும் பூகம்பம் நம் காலடியிலேயே தோன்ற வேண்டும் என்பதில்லை. வேறோர் இடத்தில் தோன்றி நம்மிடம் வந்து சேரலாம். அவ்விதம் வந்து சேரும்போது அதன் பலத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் விஷயம். பஞ்சாயத்து கட்டும் பள்ளிக்கூடத்திற்கும், ஊர் நடுவே எழுப்பும் மேல்நிலை நீர்த் தொட்டிக்கும், குடியானவர் தம் சேமிப்பைக் கொட்டிக் கட்டும் மாடி வீட்டிற்கும் இக்கணக்கு தேவைப்படுகிறது.

1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் தேதி கோயம்புத்தூர், பாலக்காடு பக்கத்தில் ஒரு பூகம்பம் தோன்றியது. அதன் அளவு ஏறத்தாழ 6 எனப் பிற்கால நிபுணர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். தென்னிந்தியாவின் பெரும் பகுதியில் மக்கள் அதை உணர்ந்தார்கள். அந்த இடத்திற்கும் மதுரைக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 175 கிலோ மீட்டர்தான். நூறு ஆண்டு கழித்து, 2000-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி, கேரளத்தில் ஈராற்றுப்பேட்டை அருகே 5 என்ற அளவில் மற்றொன்று ஏற்பட்டது. அது மதுரையிலிருந்து சுமார் 145 கிலோ மீட்டர். ஆகவே, மேற்கு மலைத் தொடரின் அடிவாரமும் பாலக்காட்டுக் கணவாயும் நமக்கு அந்நிய தேசம் அல்ல.

இத்தகைய அதிர்ச்சிகளை அளக்கும் கருவியும் நமக்கு அண்மையிலேயே வெகு காலத்திற்கு முன் வந்துவிட்டது. 1897-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் தேதி அஸ்ஸாமைக் குலுக்கிய மாபெரும் பூகம்பத்திற்குப் பின்னர், இந்தியாவில் அதிர்ச்சிமானிகளை நிறுவ வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. கல்கத்தாவில் அலிப்பூரிலும், பம்பாயிலும், மதுரைக்கு 80 கிலோ மீட்டர் தூரத்திலுள்ள கொடைக்கானல் வான ஆராய்ச்சி நிலையத்திலும் மில்ன் என்பவர் வகுத்த கருவிகள் அமைக்கப்பட்டன. கொடைக்கானலுக்கு அது 1899-இல் வந்தது. சூரியனை ஆராயவென்று மலைமேல் ஏற்பட்ட நிலையம் பூமியின் நடுக்கத்தையும் சேர்த்துக் கவனித்தது.

அதே அஸ்ஸாம் பூகம்பத்தை ஆராய்ந்தவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஓல்டாம். வெகு தூரத்திலிருந்த கருவிகளின் பதிவுகளை ஒப்பிட்டு நோக்கி, பூகம்பத்திலிருந்து ஒன்றல்ல, மூன்று வகை அலைகள் புறப்படுகின்றன என்பதை அவர் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். முதலில் வருவது தள்ளும் அலை. நிற்கும் கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியை எஞ்சின் வந்து இடித்தால், இடி பெட்டிக்குப் பெட்டி தாவி முன்னே செல்கிறதல்லவா, அவ்விதம் அது பாறையினூடே செல்கிறது. இரண்டாவது பக்கவாட்டில் அசைக்கும் அலை. கமலைக் கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்து உதறினால் நெளிவு ஓடுவது போன்றது. மூன்றாவது பூமியின் மேற்பரப்பை ஒட்டியே உருண்டு செல்லும் அலை. முதலிரண்டும் பூமியின் உள்ளே எல்லாத் திசையிலும் பாயும். மூன்றாவது மேற்பரப்பை விட்டு ஆழத்தில் இறங்காது.

கடினமான பாறையில் முதல் அலை விநாடிக்கு ஏறத்தாழ 6 கிலோ மீட்டரும், இரண்டாவது ஏறத்தாழ 3.5 கிலோ மீட்டரும் செல்கின்றன. மின்னலைக் கண்டு, இடி கேட்கும் வரை எண்ணி, மழை எவ்வளவு தூரத்தில் பெய்கிறது என்று நம் குடியானவர் ஊகிப்பதுண்டு. அதே உபாயம் இங்கும் பலிக்கும். இரு அலைகளுக்கும் இடைப்பட்ட விநாடிகளை எட்டால் பெருக்கினால் பூகம்பம் தோன்றிய இடத்தின் தூரம் கிலோ மீட்டரில் ஏறத்தாழக் கிடைத்துவிடும். கோயம்புத்தூர்ப் பக்கத்து அதிர்ச்சியாயின் மதுரையில் இடைவெளி சுமார் 22 விநாடி இருக்க வேண்டும்.

கண்மாயில் எறிந்த கல்

நிலம் தன் நிலையிலிருந்து எவ்வளவு விலகி ஆடுகிறதோ அந்த அளவை அலையின் வீச்சு என்பார்கள். தூரம் செல்லச் செல்ல வீச்சு குறைகிறது. ஏன் குறைகிறது என்பதை அறியக் கண்மாயில் ஒரு கல்லை எறிந்து பார்த்தால் போதும். வட்டம் விரிய விரிய அலை தாழ்கிறது. கல் கொடுத்த பலம் ஒன்றுதான்; அதைச் சிறிய வட்டம் முதலில் பங்கிட்டுக்கொண்டது, பெரிய வட்டம் பிறகு பங்கிட்டுக்கொள்கிறது. பாகஸ்தர் பெருகினால் பங்கு சிறுக்கும்.

மேற்பரப்பு அலையின் கணக்கும் இவ்வாறே. அது வட்டமாகப் பரவுகிறது. தூரம் நான்கு மடங்கானால் பலம் நான்கில் ஒன்றாகிறது. வீச்சோ பலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே வீச்சு பாதியாகத்தான் குறையும். உள்ளே செல்லும் அலைகள் வட்டமாகப் பரவாமல் கோளமாகப் பரவுகின்றன. அவற்றின் பலம் இன்னும் அதிக இடத்திற்குப் பங்கிடப்படுகிறது. எனவே தூரம் நான்கு மடங்கானால் வீச்சு நான்கில் ஒன்றாகிவிடும். தூரத்தில் உள்ள ஊருக்கு முதலிரு அலைகள் மெலிந்து வந்து சேர, மேற்பரப்பு அலை மட்டும் ஓரளவு தெம்போடு வந்து சேர்வதற்கு இதுவே காரணம்.

ஆழத்தையும் இங்கே கவனிக்க வேண்டும். பூமிக்குள் 70 கிலோ மீட்டர் ஆழத்திற்கு உட்பட்டுத் தோன்றுவதை ஆழமற்ற பூகம்பம் என்று வகுத்திருக்கிறார்கள். தென்னாட்டில் தோன்றுபவை பெரும்பாலும் 20 கிலோ மீட்டர் ஆழத்திற்குள் அடங்குபவை. கணக்கிற்காக மட்டும், மதுரை நகருக்கு நேர் கீழே 10 கிலோ மீட்டர் ஆழத்தில் ஓர் அதிர்ச்சி தோன்றுவதாகப் பாவிப்போம். நகரில் உள்ள வீட்டிற்கும் அதற்கும் தூரம் 10 கிலோ மீட்டர். அங்கு வீச்சு 100 பங்கு என்று கொண்டால், 20 கிலோ மீட்டரிலுள்ள திருமங்கலத்தில் 45 பங்கு வரும். உசிலம்பட்டியில் 27 பங்கும், திண்டுக்கல்லில் 20 பங்கும், கொடைக்கானலில் 12 பங்கும் வரும்.

அதே அதிர்ச்சி 100 கிலோ மீட்டர் ஆழத்தில் தோன்றினால் கதை வேறு. மதுரைக்கே அது 100 கிலோ மீட்டர் தூரம். திருமங்கலத்திற்கு 102, திண்டுக்கல்லுக்கு 112. மதுரையில் வருவதை 100 பங்கு என்றால் திருமங்கலத்தில் 98, திண்டுக்கல்லில் 89. ஊருக்கு ஊர் வேற்றுமையே இல்லை எனலாம். ஆனால் எல்லா ஊரிலும் அதிர்ச்சி மெலிந்துதான் இருக்கும். மேற்பரப்பு அலையும் அவ்வளவு ஆழத்திலிருந்து வலுவாக எழாது. 2015-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் தேதி இந்துகுஷ் மலைகளின் கீழே 200 கிலோ மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் தோன்றிய பூகம்பம் காபூல் முதல் டில்லி வரை உணரப்பட்டது இவ்விதமே.

ஆழமற்ற பூகம்பம் அருகில் இருப்பவரை வதைக்கிறது. தூரத்தில் இருப்பவரை விரைவில் விட்டுவிடுகிறது. 1993-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி விடியற்காலையில் மராட்டியத்தில் லாத்தூர் ஜில்லாவைச் சேர்ந்த கில்லாரியில் இதைக் கண்டோம். அளவு 6.2 தான். ஆழமோ 10 கிலோ மீட்டர் அளவே. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய தடித்த சுவர்களும், அவற்றின்மேல் ஏற்றிய கனத்த மண் கூரையும் உறங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் சரிந்தன. ஏறத்தாழ 8,000 முதல் 10,000 பேர் வரை மாண்டனர். எனினும் கடுமையான நாசம் சில பத்து கிலோ மீட்டர்களுக்குள் அடங்கிவிட்டது. லாத்தூர்ப் பக்கமும் அதுவரை அபாயம் மிகக் குறைந்த மண்டலமாகவே கருதப்பட்டு வந்தது என்பதையும் நாம் மறப்பதற்கில்லை.

பாறை விழுங்கும் பங்கு

பரவுவதால் ஏற்படும் குறைவு ஒரு பங்கு. வழியில் பாறை விழுங்குவது மற்றொரு பங்கு. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் பணியாற்றிய ரிக்டர் 1935-இல் தம் அளவுமுறையை வகுத்தபோது, அலை தூரத்தோடு எவ்விதம் குறைகிறது என்ற அட்டவணையையே அதற்கு அஸ்திவாரமாக வைத்தார். தூரத்தை அறியாமல் வீச்சை மட்டும் பார்த்தால், அருகில் தோன்றிய சிறு நடுக்கமும் தொலைவில் தோன்றிய பெரும் பூகம்பமும் ஒன்றாகவே தெரியும் அன்றோ? 100 கிலோ மீட்டரில் அவர் கருவி 1 மில்லி மீட்டர் கோடு வரைந்தால் அப்பூகம்பத்தின் அளவு 3 என்று அவர் நிர்ணயித்தார். அதே பூகம்பம் 10 கிலோ மீட்டரில் ஏறத்தாழ 30 மில்லி மீட்டர் வரையும். 300 கிலோ மீட்டரில் பத்தில் ஒரு மில்லி மீட்டர்தான் வரையும். 600 கிலோ மீட்டரில் எண்பதில் ஒரு பங்கு. அளவு ஓர் எண் ஏறினால் வீச்சு பத்து மடங்காகும்; வெளிப்படும் பலமோ சுமார் 32 மடங்காகும். 6 என்பது 5-ஐவிடச் சற்றுப் பெரியது என்று எண்ணுவது தவறு.

10 கிலோ மீட்டரிலிருந்து 100 கிலோ மீட்டருக்குத் தூரம் பத்து மடங்கு. வீச்சோ முப்பது மடங்கு குறைந்திருக்கிறது. பரவுவதால் மட்டும் இவ்வளவு குறைய நியாயம் இல்லை. மிச்சம் பாறை விழுங்கியது. ஒவ்வொரு ஆட்டத்திலும் பாறை உராய்ந்து சிறிது பலத்தை உஷ்ணமாக்கிவிடுகிறது. வேகமாக அதிரும் அலை அதே தூரத்திற்குள் அதிக முறை ஆட வேண்டியிருப்பதால் முதலில் அதுவே அழிகிறது. அருகில் விழும் இடி 'படார்' என்று காதைப் பிளக்கிறது. தூரத்து இடி குமுறலாக மட்டும் வருகிறது. பூகம்பமும் அத்தகையதே. அருகில் வெடுக்கென்ற குலுக்கல். தூரத்தில் தொட்டிலாட்டுவது போன்ற மெல்லிய அசைவு.

கலிபோர்னியாவின் பாறை இளமையானது, பல இடங்களில் உடைந்து வெப்பமேறியது. ஆகையால் அது அதிகம் விழுங்குகிறது. நம் தென்னாட்டுப் பாறையோ ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது, இறுகிக் குளிர்ந்தது. திருப்பரங்குன்றத்திலும் அழகர்மலையிலும் நாம் காண்பது அந்தப் பாறையின் தலை மட்டுமே. உடைந்த மண்பானையைத் தட்டினால் ஓசை உடனே அடங்கும், வெண்கல மணியைத் தட்டினால் ரீங்காரம் நிற்கும். அதுபோல இறுகிய பாறை அலையை எளிதில் விழுங்காமல் தூரம் கடத்திவிடுகிறது. உறுதியான பாறைமேல் இருக்கிறோம் என்று நாம் பெருமைப்படுகிறோம். பூகம்பம் பிறப்பதற்கு அது இடையூறுதான், ஆனால் வேறிடத்தில் பிறந்தது நம்மிடம் வருவதற்கு அது நல்ல பாதை. 1900-ஆம் ஆண்டு அதிர்ச்சி அவ்வளவு பரந்த பிரதேசத்தில் உணரப்பட்டதற்கு இதுவே முக்கிய காரணமாகலாம்.

மிகத் தொலைவில் மேற்பரப்பு அலையே அரசு செலுத்துகிறது. ஆயிரக்கணக்கான கிலோ மீட்டருக்கு அப்பால், தூரம் இருமடங்கானால் அதன் வீச்சு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிறது என்பது 1962-இல் மாஸ்கோ, பிராக் நகரங்களின் நிபுணர்கள் வகுத்த சூத்திரத்திலிருந்து பெறப்படுவது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி சுமத்திராவில் தோன்றிய 9.1 அளவுள்ள பூகம்பம் மதுரையிலிருந்து ஏறத்தாழ 2,100 கிலோ மீட்டர் தூரம். நம் கரையை அழித்தது அதன் கடலலையே ஆயினும், நில அலையையும் சென்னை மக்கள் உணர்ந்தார்கள். 2012-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் தேதி அதே கடலில் 8.6 அளவில் மற்றொன்று தோன்றியபோது, சென்னையில் மாடிக் கட்டடங்களில் இருந்தவர்கள் வீதிக்கு ஓடிவந்தார்கள். தரையில் நின்றவர்களில் பலர் ஒன்றையும் அறியவில்லை. 1950-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி அஸ்ஸாமில் பூமி அதிர்ந்தபோது, ஐரோப்பாவின் வடகோடியில் நார்வே நாட்டு நீர்நிலைகள் தாம்பாளத்துத் தண்ணீர் போல ஆடின. மெதுவாக ஆடும் அலை அவ்வளவு தூரம் போகும்.

மண் திருப்பிக் கொடுப்பது

இதுவரை சொன்னதெல்லாம் அலை ஊர் வாசலுக்கு வரும் வரையில். வாசலுக்கு வந்தபின் மண் தன் வேலையைத் தொடங்குகிறது. பாறையில் விரைந்து வந்த அலை, ஈரமான களிமண்ணிலோ வண்டலிலோ ஏறும்போது வேகம் தளர்கிறது. மேய்ச்சல் தரையில் ஓடிவரும் ஆட்டு மந்தை சேற்று வயலில் இறங்கினால், முன்னாடு நடை தளர, பின்னாடு வந்து முட்ட, மந்தை நெருங்கி மேலெழும்புகிறதல்லவா? அலையும் அவ்வாறே குறுகி உயர்கிறது. வழியெல்லாம் இழந்த வீச்சில் ஒரு பகுதியை இளகிய மண் கடைசி சில மீட்டர்களில் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

1985-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் தேதி மெக்சிகோ நகரம் இதற்கு விலை கொடுத்தது. பூகம்பம் தோன்றியது சுமார் 350 கிலோ மீட்டருக்கு அப்பால் பசிபிக் கடற்கரையில். தூரக் கணக்கின்படி நகரம் தப்பியிருக்க வேண்டும். ஆனால் அந்நகரத்தின் பெரும் பகுதி வற்றிய ஏரியின் படுகையில் எழுந்தது. பாறைமேல் நின்ற பகுதிகள் ஏறத்தாழத் தப்பின. ஏரிப் படுகையில் நின்ற உயர்ந்த கட்டடங்கள் நூற்றுக்கணக்கில் நொறுங்கின. நம் நாட்டில் 2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் தேதி பூஜ் பூகம்பத்தில் அகமதாபாத்தும் இவ்விதம் அடிபட்டது. அது சுமார் 240 கிலோ மீட்டர் தூரம். ஆற்று வண்டல்மேல் அமைந்த நகரம். அங்கு மாண்டவர் 700-க்கும் மேற்பட்டவர். விழுந்தவற்றில் பெரும்பாலானவை மாடிக் கட்டடங்கள். மெதுவாக ஆடும் தூரத்து அலை, மெதுவாக ஆடும் உயரமான கட்டடத்தோடு தாளம் சேர்ந்துகொள்கிறது. குறைவான கம்பியும் பலவீனமான தூண்களும் மற்றதை முடித்துவைத்தன.

நம் கண்மாய் மண்ணை மெக்சிகோவின் சேற்றோடு சமமாக வைப்பது மிகையாகும். அங்கு சேறு பல பத்து மீட்டர் ஆழம். நம் பக்கம் வண்டலுக்குக் கீழே விரைவில் பாறை தட்டிவிடும் இடங்களே மிகுதி. மதுரைச் சமவெளியில் பெரிய பூகம்பம் வந்தே தீரும் என்று நாம் சொல்லவும் இல்லை. ஆனால் மதுரையைச் சுற்றிப் பல கண்மாய்கள் வீட்டு மனைகளாக மாறியிருப்பதும், வைகைக் கரையோரம் மாடிகள் உயர்ந்திருப்பதும் கண்கூடு. பாசனத்திற்குக் கேடு என்பது போதாதென்று, ஒரே தூரத்திலுள்ள இரு ஊர்களில் அலை எந்த ஊரில் அதிகம் ஆட்டும் என்பதையும் இந்த மாற்றம் தீர்மானிக்கிறது. செம்மண்ணும் சரளையும் உள்ள மேட்டு நிலத்தில் கட்டிய வீடு ஒன்று, கண்மாயின் உட்பகுதியில் கரம்பைமேல் கட்டிய வீடு ஒன்று என்றால், இரண்டிற்கும் கோயம்புத்தூர் ஒரே தூரம்; ஆட்டம் ஒன்றல்ல.

பஞ்சாயத்துகள் முதலில் கவனிக்க வேண்டியது மேல்நிலை நீர்த் தொட்டி. உச்சியில் பாரம், கீழே மெல்லிய தாங்கி; தலைகீழாக நிறுத்திய ஊசல் போன்றது. பூஜ் பூகம்பத்தில் இத்தகைய தொட்டிகளின் தாங்கிகள் பல விரிசல் கண்டன. சில தொட்டிகள் விழுந்தும்போயின. குடிநீர் மிக வேண்டிய வேளையில் அது இல்லாமற் போயிற்று. நம் ஊர்களில் பழைய தொட்டிகளின் தூண்களில் காரை பெயர்ந்து கம்பி துருப்பிடித்துத் தெரிவதை அடிக்கடி காண்கிறோம். அதன் நிழலிலேயே அங்கன்வாடியும் நடக்கும். பூகம்பம் வராவிட்டாலும் அது செப்பனிட வேண்டியதே.

வீடுகளுக்குப் பெரிய செலவு தேவையில்லை. கதவு, சன்னல் நிலைகளுக்கு மேலே துண்டு துண்டாகப் போடும் லிண்டலைச் சுவர் நெடுகிலும், நான்கு மூலைகளையும் சுற்றி, கம்பி வைத்த ஒரே பட்டையாக ஓட்டினால் சுவர்கள் தனித்தனியே பிரிந்து விழாமல் பெட்டி போல ஒன்றாக நிற்கும். கூடை விளிம்பில் கட்டும் கட்டு என்ன செய்கிறதோ அதையே இப்பட்டை செய்கிறது. மண் வீடுகளுக்கும், சாதாரணக் கல், செங்கல் வீடுகளுக்கும் உரிய விதிகளைத் தர நிர்ணய அமைவனம் 1993-லேயே தனித்தனியாக வெளியிட்டிருக்கிறது. கொத்தனார்களுக்கு இதைக் கற்பிப்பது ஒரு நாள் வேலை.

புதிதாகப் பள்ளிக் கட்டடமோ தொட்டியோ எழுப்ப இடம் தேர்ந்தெடுக்கும்போது, அந்தச் சர்வே எண் முன்பு கண்மாயாகவோ ஓடையாகவோ இருந்ததா என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள பழைய பதிவேட்டிலும் புலப்படத்திலும் பார்த்துக்கொள்ளலாம். மண் பரிசோதனை அவசியமே. அதற்கு முன்பாகப் பக்கத்துத் தோட்டத்தில் கிணறு வெட்டியவரை அழைத்துக் கேட்பதும் வீண் அல்ல. எத்தனை அடியில் களிமண் முடிந்தது, எத்தனை அடியில் சுக்கான்பாறை வந்தது, எத்தனை அடியில் வெடி வைக்க நேர்ந்தது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடமாக இருக்கும்.